பிறந்த வீட்டிலிருந்து வந்த மரம்

டிசம்பர் பிறந்தால் எங்கள் வீட்டில் முட்டையை யாரும் தட்டி உடைக்கக் கூடாது. இரண்டு முனையிலும் ஊசியால் குத்தி, ஊதி, உள்ளே இருப்பதைக் கிண்ணத்தில் இறக்கிவிட்டு, ஓட்டை உடையாமல் என்னிடம் தந்துவிட வேண்டும். போடியில் ஒரு விவசாயக் குடும்பத்துக்கு மருமகளாக வந்த எஸ்டேட்டுக்காரி, அதுவும் வேதக்காரி, இப்படி ஒரு சட்டம் போட்டு அது நடக்கவும் செய்தது என்றால் அதற்கு என் மாமனார்தான் காரணம்.

கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் சாமான்களைக் கடையில் வாங்குவது எனக்குப் பிடிக்காது. பஜாரில் மினுக்கும் பிளாஸ்டிக் உருண்டைகளைப் பார்த்தாலே எரிச்சல் வரும். மலையில் நான் வளர்ந்த வீட்டில் எல்லாமே கையால் செய்ததுதான். முட்டை ஓட்டுக்கு வண்ணம் பூசுவோம். தேயிலைப் பாக்கெட்டின் வெள்ளித்தாளை மடித்து நட்சத்திரம் வெட்டுவோம். இங்கே வந்தபிறகு இலவங்காயும் சேர்ந்துகொண்டது. காய்ந்த ஓட்டைப் பாதியாகப் பிளந்து உள்ளே கொஞ்சம் பஞ்சை விட்டுவைத்தால் குழந்தை இயேசுவுக்குத் தொட்டில் தயார். “இது என்ன சோலித்தா?” என்று முதல் வருஷம் கேட்ட மாமா, அடுத்த வருஷத்திலிருந்து நல்ல காய்களாகப் பொறுக்கி எனக்கென்று எடுத்துவைக்க ஆரம்பித்தார். டிசம்பரில் மலையிலிருக்கும் எங்கள் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போய்த் திரும்பும்போது ஜீப்பின் மேல் ஒரு சில்வர் ஓக் கிளையும் கொண்டுவருவார். அதுதான் எங்கள் மரம்.

போன ஆடியில் மாமா இறந்துபோனார். தலைத்திவசம் முடியும்வரை வீட்டில் எந்தப் பண்டிகையும் கிடையாது. தீபாவளிக்கு எங்கள் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை; ராசிங்காபுரத்தில் இருக்கும் என் மாமியாரின் அண்ணன் வீட்டிலிருந்து பலகாரம் வந்தது. துக்க வீட்டில் செய்யக் கூடாது, சொந்தக்காரர்கள் கொண்டுவந்து கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். வழக்கம் அப்படி.

டிசம்பர் வந்ததும் மாமியாரிடம் கேட்டேன். “அத்தே, என் மரம்?”

“சாமி எதா இருந்தா என்னத்தா, வீடு ஒண்ணுதான?” என்றார். “இந்த வருசம் வேணாம்.”

என் கணவர் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். இந்த மாதிரி நேரங்களில் அவருக்கு உலகச் செய்திகளில் அக்கறை கூடிவிடும்.

அத்தை சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை. மரமும் இல்லையென்றால் மாமா இல்லாதது இன்னும் பெரிதாகத் தெரியும் என்று பயமாக இருந்தது. கட்டித் தொங்கவிடத்தானே தடை, செய்வதற்கு என்ன என்று வீம்புக்கு உட்கார்ந்து செய்தேன். ஒரு மத்தியானம் அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வாய் பிளந்துவிட்டதால் விலைக்குப் போகாத ஏலக்காய்களை நான் நூலில் கோத்துக்கொண்டிருந்தேன்.

“இப்பிடிக் கோத்தா ஒரு காய் ஒடஞ்சாலும் எல்லாம் சரிஞ்சு வந்துரும். கொண்டா இங்க.”

கோயிலுக்கு ஏலக்காய் மாலை கட்டிப் பழகிய கை அது. ஒவ்வொரு காய்க்கும் ஒரு முடிச்சு. ஒரே ஒரு வளையம் கட்டிக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் அடுக்கிப் பரணில் வைத்தேன். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் காலையில், எடுத்துப் பார்க்கவாவது செய்யலாம் என்று ஏறினால் பெட்டியைக் காணோம்.

“அத்தே, இங்க இருந்த பெட்டி?”

“எனக்குத் தலைக்கு மேல சோலி கெடக்கு. பெட்டியக் கண்டேனா, சட்டியக் கண்டேனா?” என்று முகம் கொடுக்காமல் நகர்ந்துவிட்டார். குப்பையோடு குப்பையாகக் கொளுத்திவிட்டார் என்றே முடிவு கட்டினேன். மத்தியானம் அவருக்குச் சோற்றுத் தட்டை ணங்கென்று வைத்தேன். அவர் பாட்டுக்குச் சாப்பிட்டார்.

சாயங்காலம் வாசலில் ஜீப்பு வந்து நின்றது. மலையிலிருந்து என் தம்பி வந்திருந்தான். பின்பக்கத் தார்ப்பாயை விலக்கினான். மண் நிரப்பிய டின்னில் ஒரு சில்வர் ஓக் கிளை. அதில் என் முட்டை ஓடுகளும் நட்சத்திரங்களும் இலவங்காய்த் தொட்டில்களும் தொங்கின. மலைப்பாதை வளைவுகளில் நாலைந்து முட்டைகள் நொறுங்கியிருந்தன.

“அத்தேதான் பெட்டிய மலைக்கு வர்ற ஜீப்புல ஏத்திவிட்டுட்டு எனக்குப் போன் பண்ணாங்க, சேச்சி” என்றான். மலையில் பக்கத்து வீட்டு மலையாளம் ஒட்டிக்கொண்டு, நான் அவனுக்குச் சேச்சியாகி ரொம்ப காலம் ஆகிறது. “அங்கயே சோடிச்சுக் கொண்டாரணும், இங்க வந்து ஒண்ணுகூடக் கட்டக் கூடாதுன்னு கண்டிசன்.”

அத்தை நிலைப்படியில் நின்று மரத்தை மேலும் கீழும் பார்த்தார். உச்சியில் அவர் முடிச்சுப் போட்ட ஏலக்காய் வளையம் இருந்தது. அதை முன்பின் பார்த்ததே இல்லாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“நல்லாத்தேன் செஞ்சிருக்காக ஒங்க வீட்ல” என்றார் என்னிடம். பிறகு தம்பியின் பக்கம் திரும்பினார். “வெரசா உள்ள கொண்டா அப்பு. அவுக போட்டோவுக்குப் பக்கத்துல வையி. எதிர்பாத்துக்கிட்டு இருப்பாக.”