கடலுக்குப் போகாத மோட்டர்

கடலுக்குப் போகாத மோட்டருக்கு உப்புக் கழுவத் தேவையில்லை. இது புஷ்பராஜுக்குத் தெரியாத சங்கதியில்லை. கொழும்பு முகத்துவாரத்தில் நாற்பது வருஷமாகப் படகு மோட்டர்களின் வயிற்றைக் கழுவியே வாழ்கிற மனிதர் அவர். உப்பு எங்கே போய்க் கட்டியாகும், மணல் எந்த வளைவில் தங்கும், பிளாஸ்டிக் பைக் கிழிசல் எந்த ஓட்டையை அடைக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். கடல் தண்ணீரை உறிஞ்சித்தான் அந்த இஞ்சின்கள் தங்கள் சூட்டைத் தணித்துக்கொள்கின்றன. கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கால் மணி நேரம் ஓடவிட்டால் உள்ளே இருக்கிற உப்பெல்லாம் கரைந்து போய்விடும். அப்படிக் கழுவி வைத்ததை மறுபடி கழுவுவது, குளித்துத் தலை துவட்டியவனைப் பிடித்துத் திரும்பவும் கிணற்றடிக்கு இழுக்கிற மாதிரி.

அப்படியிருந்தும் மூன்று வருஷமாக, ஒவ்வொரு மாதமும் இரண்டாவது ஞாயிறு காலையில், கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வெள்ளவத்தைக்குப் போய், கடலுக்கே போகாத ஒரு பதினைந்து குதிரைவலு மோட்டரைக் கழுவிவிட்டு வந்தார். காசும் வாங்கவில்லை. மனிதருக்கு மூளை பிசகிவிட்டதா என்றால், இல்லை. ஒரு சின்னப் பொய்யைச் சொல்லிவிட்டு அதற்குள் குடியிருந்தார், அவ்வளவுதான்.

மோட்டர் இராஜநாயகத்தாருடையது. வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். பென்ஷன் எடுத்த பிறகு மீன்பிடி ஆசை தலைக்கேறி, ஒரு கூட்டாளியோடு பங்குக்குச் சின்னப் படகு வாங்கித் தெஹிவளைக் கரையில் விட்டிருந்தார். பிடித்த மீனைவிட அவர் கெடுத்த மோட்டர் சாமான் அதிகம். புஷ்பராஜுக்கு அந்த வீடு பழக்கமானது அப்படித்தான். ஒருநாள் இராஜநாயகத்தார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். படகைக் கூட்டாளி எடுத்துக்கொண்டார். மோட்டர் வெள்ளவத்தை வீட்டுப் பின்முற்றத்தில், ஒரு மரத்தாங்கியில் தொங்கியது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த அடுத்த கிழமை புஷ்பராஜ் போய் அதைக் கழுவிக் கொடுத்தார். அது நியாயமான வேலை. கடைசியாகக் கடலுக்குப் போன உப்பு உள்ளே அப்படியே இருந்தது. வேலை முடிய, இராஜநாயகத்தாரின் மனைவி யோகேஸ்வரி இரண்டு வடையும் தேத்தண்ணியும் கொண்டு வந்து வைத்துவிட்டு, எதிரே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"காலமை சாப்பிட்டனீங்களோ, புஷ்பராஜ்?"

சாதாரணக் கேள்விதான். கொழும்பில் ஒரு நாளைக்கு எத்தனை லட்சம் பேர் அதைக் கேட்கிறார்களோ தெரியாது. புஷ்பராஜிடம் யாரும் கேட்பதில்லை. பதினேழு வயதில் மஸ்கெலியாத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வந்தவர். இரண்டு தங்கச்சிகளையும் கரைசேர்க்கும்வரை தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டார். பிறகு அது தானாகவே தள்ளிப்போய்விட்டது. தங்கச்சிகள் பேரப்பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறார்கள், தீபாவளிக்குப் போன் எடுப்பார்கள். முகத்துவாரத்தில் நாள் முழுக்க அவர் பெயரைக் கூப்பிடாத வாயில்லை. ஆனால் கூப்பிடுகிறவர்களெல்லாம் மோட்டரின் சுகத்தை விசாரிக்கத்தான் கூப்பிடுகிறார்கள். கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் அவர் குடியிருக்கும் அறைக்கு வருகிற ஒரே ஆள் மின்சார மீட்டர் பார்க்கிறவன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கையில் சாமான் பை இல்லாமல் அவர் எந்த வீட்டுக்குள்ளும் போனதில்லை. ஏதாவது பழுதானால்தான் அவருக்கு வாசற்படலை திறக்கும், பழுது தீர்ந்தால் போய்விடவேண்டும். தோட்டத்திலிருந்து வேலைக்கு வந்த பிள்ளைக்கு இந்த ஊர் முதலில் சொல்லிக்கொடுத்த பாடம் அது. அறுபதை எட்டிப் பிடிக்கிற வயதிலும் அவர் அதை மறக்கவில்லை.

அன்று கிளம்பும்போது யோகேஸ்வரி, "இனி எப்ப கழுவ வேணும்?" என்று கேட்டார். இனித் தேவையில்லை என்பதுதான் பதில். புஷ்பராஜின் வாய் வேறு மாதிரிச் சொன்னது.

"மாசா மாசம் கழுவணுங்க அக்கா. கடல் பக்கத்துல இருக்கீங்கதானே, காத்துலயே உப்பு."

காற்றில் உப்பு இருப்பது உண்மை. அந்த வீட்டு ஜன்னல் கம்பியெல்லாம் துரு. ஆனால் காற்றின் உப்பு இஞ்சினின் தண்ணீர்க் குழாய்க்குள் போய்க் குடியிருக்காது. படித்த மனுஷி, கேட்டுத் தலையாட்டினார்.

அதன் பிறகு மாதம் ஒரு ஞாயிறு அவருக்குச் சொந்தமானது. முற்றத்துக் குழாயில் நீலப் பீப்பாவை நிரப்பி, மோட்டரின் அடிப்பகுதி அமிழும்படி வைத்து, கயிற்றை இழுத்து ஸ்டார்ட் பண்ணுவார். பம்ப் தண்ணீரை மேலே ஏற்றும். அது இஞ்சினைச் சுற்றி வந்து, மிச்சம் பின்பக்கத்துச் சின்னத் துளை வழியாகத் தாரையாகப் பாயும். அந்தத் தாரைக்கு முகத்துவாரத்துப் படகுக்காரர்கள் வைத்திருக்கும் பெயரை வெள்ளவத்தை வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியாது. சின்னப் பையன்கள் மதிலோரம் நின்று செய்கிற காரியம் அது. இங்கே அவர் மரியாதையாக, "தண்ணி வருதுங்க அக்கா" என்று உள்ளே குரல் கொடுப்பார். தாரையில் விரலை நீட்டிச் சூடு பார்ப்பார். பிறகு தேத்தண்ணி, ஒரு மணி நேரக் கதை. மகளின் அலுவலகம், பக்கத்து வீட்டு நாய், கேஸ் விலை. பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தக் கதைகளையெல்லாம் மனசுக்குள் இன்னொரு தரம் ஓட்டிப் பார்ப்பார். அடுத்த மாதம்வரை அது போதும் என்று நினைத்துக்கொள்வார். போதாது.

இந்த ஆடி மாதத்தில் ஒரு புதன்கிழமை யோகேஸ்வரி போன் எடுத்தார்.

"புஷ்பராஜ், மோட்டரை விக்கப் போறன். ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆள் பாக்க வாறார். நீங்கள்தான் ஓட்டிக் காட்ட வேணும்."

"சரிங்க அக்கா" என்றார். வேறென்ன சொல்ல முடியும்? மோட்டர் போனால் ஞாயிறும் போச்சு. எதைச் சாட்டி இனி அந்தப் படலையைத் திறப்பது? நாலு நாளும் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

வாங்க வந்தவன் ரிஸ்கான். நீர்கொழும்புக் களப்பில் வெள்ளைக்காரர்களைப் படகில் ஏற்றிச் சுற்றிக் காட்டுகிற, விஷயம் தெரிந்த இளைஞன். புஷ்பராஜ் பீப்பாவை நிரப்பினார், கயிற்றை இழுத்தார். இரண்டாவது இழுப்பில் மோட்டர் கிளம்பியது. எல்லோரும் துளையைப் பார்த்தார்கள். தண்ணீர் வரவில்லை.

புஷ்பராஜ் குனிந்தார். துளையின் வாயில் செம்மண் நிறத்தில் ஒரு பொருக்கு. ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் இடையில் ஒரு குளவி அதற்குள் மண்கூடு கட்டியிருந்தது. பம்புக்கு ஒன்றுமில்லை, தண்ணீர் உள்ளே ஒழுங்காகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. சட்டைப் பையில் தூண்டில் நைலோன் துண்டு ஒன்று எப்போதும் கிடக்கும். எடுத்து இரண்டு குத்துக் குத்தினால் தீர்ந்தது.

"தண்ணி வாரல்லயே அண்ணன்" என்றான் ரிஸ்கான். "பம்ப் பழுதாப் பெய்த்தா? இல்லாட்டி உள்ளுக்கு உப்பு இறுகியா?"

ஒரு மோட்டரின் குறையை மறைத்தார் என்றோ, இல்லாத குறையைச் சொன்னார் என்றோ புஷ்பராஜை நோக்கி ஒருவரும் விரல் நீட்டியதில்லை. அன்றும் அவர் பொய் சொல்லவில்லை. மோட்டரை நிறுத்தினார். கையைத் துணியில் துடைத்தார். பேசாமல் நின்றார்.

"எனக்கு வாணாம் அன்ட்டி" என்று சொல்லிவிட்டு ரிஸ்கான் போய்விட்டான்.

புஷ்பராஜுக்குள் வெட்கம் கெட்ட ஒரு சந்தோஷம் எழுந்தது. அது தேத்தண்ணி வரும்வரைகூட நிலைக்கவில்லை.

"சரி, விடுங்கோ" என்றார் யோகேஸ்வரி. "எனக்கு இதோட மாரடிக்க நேரமில்லை. வியாழக்கிழமை இந்த வீட்டைக் குடுக்கிறம். நான் கல்கிசையில மகளிட்டப் போறன். அஞ்சாம் மாடி. மோட்டரை எங்க வைக்கிறது? நீங்களே கொண்டு போங்கோ. இவ்வளவு நாளும் பாத்த கை."

மோட்டரைத் தடுத்து நிறுத்தினால் எல்லாம் நின்றுவிடும் என்று எண்ணிய மனிதர், ஆட்டோவின் பின்சீற்றில் அதை மடியில் சாய்த்துப் பிடித்தபடி கொழும்பின் பெருந்தெருவான காலி வீதி முழுக்கப் போனார். அவருக்கு அழுகை வந்தது. ஆட்டோக்காரன் கண்ணாடியில் பார்த்துவிட்டு ரேடியோ சத்தத்தைக் கூட்டினான்.

அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு வந்தது. போவதற்கு இடமில்லை. அறைக்குப் பின்னால் பொதுக் குழாயடியில் ஒரு பழைய பீப்பாவை நிரப்பி மோட்டரை இறக்கினார். நைலோன் துண்டால் துளையைக் குத்தினார். மண் உதிர்ந்தது, காய்ந்த புழுக்கூடு ஒன்றும் வந்தது. கயிற்றை இழுத்ததும் தாரை பளிச்சென்று பாய்ந்து பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த துணியை நனைத்தது.

"தண்ணி வருதுங்க அக்கா" என்றார்.

சொன்ன பிறகுதான் யாருமில்லை என்பது உறைத்தது. மோட்டரை நிறுத்திவிட்டு, குழாயடிக் கட்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு போனை எடுத்தார்.

"அக்கா, மோட்டர்ல ஒரு பிழையும் இல்லைங்க. குளவிக்கூடு. அன்னைக்கே எனக்குத் தெரியும். நான்தான் சொல்லல."

"ஏன் சொல்லேல்ல?"

"வித்துட்டா, அப்புறம் நான் என்னத்தச் சொல்லிக்கிட்டு அங்க வர்றது? இன்னொன்னுங்க. மாசா மாசம் கழுவத் தேவையே இல்ல. அதுவும் பொய்தான்."

"அது எனக்குத் தெரியும்" என்றார் யோகேஸ்வரி. "அவர் என்ன மாசா மாசமே கழுவினவர்? மூலையில போட்டிட்டுத் திரிவார். அந்த மோட்டர் சத்தம் கேட்டாலே எனக்கு அவற்ற நினைப்பு வந்து நெஞ்சு பதறும், புஷ்பராஜ். எண்டைக்கோ வித்திருப்பன்."

"பின்ன ஏங்க வச்சிருந்தீங்க?"

"நீங்கள் வாறனீங்கள்தானே. ஞாயிற்றுக்கிழமையில கதைக்க எனக்கும் வேற ஆர் இருந்தது? இஞ்சயும் அப்பிடித்தான். மகள் வேலை வேலையெண்டு ஓடுறாள். ஒருநாளைக்குச் சும்மா வாங்கோவன்" என்றார்.

அன்றைக்கே புஷ்பராஜ் ரிஸ்கானுக்குப் போன் போட்டு உள்ளதைச் சொன்னார். அவன் திட்டினான், பிறகு சிரித்தான், வந்து ஓட்டிப் பார்த்து ஏற்றிக்கொண்டு போனான். விலையை யோகேஸ்வரியின் மகளோடு பேசிக்கொண்டான்.

அடுத்த ஞாயிறு புஷ்பராஜ் கல்கிசைக்குப் போனார். சாமான் பையை எடுப்பதும் வைப்பதுமாக மூன்று தரம் தன் அறை வாசலில் நின்று, கடைசியில் வைத்துவிட்டே போனார். மாடிக் கட்டடத்து வாசல் காவலாளி அவருடைய கறுத்த நகங்களைப் பார்த்தான்.

"மொகக்த வெடே?" என்ன வேலை என்று சிங்களத்தில் கேட்டான். "தண்ணி மோட்டரா? லிஃப்டா?"

மோட்டர் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதைச் சொல்லியிருந்தால் பின்பக்கப் படியைக் காட்டியிருப்பான், இவரும் நிம்மதியாக ஏறிப் போயிருப்பார். விழுங்கிக்கொண்டார்.

"வெடக் நே" என்றார். வேலை ஒன்றும் இல்லை. "ஐந்தாம் மாடி அக்காவைப் பார்க்க வந்தேன்."

காவலாளி மேலே போன் எடுத்துக் கேட்டுவிட்டு, கொப்பியில் அவர் பெயருக்கு நேரே ஒரு சொல் எழுதினான். புஷ்பராஜுக்குச் சிங்களம் பேச நன்றாக வரும், வாசிப்பது எழுத்துக்கூட்டித்தான். கூட்டிப் பார்த்தார். அமுத்தெக். விருந்தாளி.

முன்பக்க லிஃப்டைக் காட்டினான். அதற்குள் அவர் தனியாகத்தான் நின்றார். பையில்லாத கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல், ஐந்து மாடியும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டே போனார்.