சனிக்கிழமை ஓட்டல்

போன மாதம் அம்மாவை ஓட்டலுக்குக் கூட்டிப் போனேன். இதில் என்ன பெரிய செய்தி என்று நீங்கள் கேட்கலாம். எழுபதைத் தாண்டிய என் அம்மா ஓட்டல் நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கள்ளக்குறிச்சி பைபாஸில் கண்ணாடிக் கதவும் ஏசியுமாகப் புதிதாகத் திறந்திருக்கிறார்களே, அப்படி ஓர் இடம். அம்மா நிபந்தனையோடுதான் வந்தாள். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை வீட்டிலிருந்தே பாட்டிலில் கொண்டு வருவாளாம். அங்கே வைக்கிற தண்ணீரை நானும் தொடக்கூடாதாம். சரி என்றேன். பரோட்டாவில் ஒரு விள்ளல் பிய்த்து, குருமாவில் தோய்த்து வாயில் போட்டாள். நிதானமாக மென்றாள். பரிமாறுகிற தம்பி பக்கத்தில் நிற்கும்போதே சொன்னாள்.

"இன்னாடி இது, ஓட்டல் குருமா மாதிரி இல்லயே!"

அந்தப் பையன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. ஓட்டலுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு இப்படிச் சொன்னால் அவன்தான் என்ன செய்வான்? அம்மா எதைச் சொல்கிறாள் என்று எனக்கு மட்டும் தெரிந்தது. அவளுக்குத் தெரிந்த ஓட்டல் ஒன்றே ஒன்றுதான். தியாகதுருகத்தில் எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தது அது. அம்மாவுக்காகச் சனிக்கிழமை மாலை மட்டும் திறக்கும்.

அம்மா கல்வராயன் மலையில் கிராம நர்ஸாக இருந்தாள். திங்கட்கிழமை இருட்டோடு பஸ் ஏறினால் சனிக்கிழமை பொழுது சாயும்போதுதான் மலை இறங்குவாள். மலையிலேயே ஒரு சின்ன குவார்ட்டர்ஸ். அப்பா டிராக்டர் ஓட்டினார். கரும்பு வெட்டும் காலத்தில் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கு லோடு அடிப்பார், மற்ற நாளில் உழவு. நானும் தம்பியும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். ஆகவே வாரம் முழுக்க அடுப்பு அப்பா கையில் இருந்தது.

அப்பாவுக்குச் சமையல் சொல்லித்தர ஆள் கிடையாது. அம்மாவிடம் கேட்கலாம், ஆனால் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. அதனால் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் கற்றுக்கொண்டார். ஓட்டல் ஓட்டலாகச் சாப்பிட்டுக் கற்றுக்கொண்டார். ஆலை வாசலில் லோடு வண்டிகள் வரிசையில் நிற்கும். வரிசை நகரும்வரை எதிரே இருந்த கீற்றுக்கொட்டகை ஓட்டல்தான் டிரைவர்களுக்குக் கதி. அங்கே பரங்கிக்காய் போட்ட சாம்பார், கரண்டியை நட்டால் நிற்கும். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு மூலையில் ஒரு ஓட்டல், அங்கே குருமா. எங்கள் ஊரில் கோட்டை மலைக்குப் போகிற வழியில் ஒரு கடை, அங்கே மிளகு தூக்கலாகக் கோழிக் குழம்பு. எங்கள் வீட்டில் எந்தக் குழம்புக்கும் சொந்தப் பெயர் கிடையாது. "இன்னிக்கி மில்லு சாம்பார்", "இன்னிக்கி பஸ் ஸ்டாண்டு குருமா" என்பார் அப்பா.

எங்களையும் அந்த ஓட்டல்களுக்கெல்லாம் கூட்டிப் போயிருக்கிறார். போனால் நிம்மதியாகத் தின்ன விடமாட்டார். குருமாவை உள்ளங்கையில் கொஞ்சம் விட்டு நக்குவார், கண்ணை மூடிக்கொள்வார், விரலில் தேய்த்துப் பார்ப்பார். ஒரு நாள் பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் கூட்டம் நெரிகிற நேரம், "பொட்டுக்கடல! அரைச்சி வுட்டுக்கினு இருக்கறான்யா!" என்று கத்திவிட்டார். கல்லாவில் இருந்தவர் எழுந்து நின்றுவிட்டார். நானும் தம்பியும் மேசைக்கு அடியில் போகாத குறை.

அம்மா மட்டும் இந்தக் கூத்து எதற்கும் வரமாட்டாள். வயிற்றுப்போக்கோடு வருகிறவர்களை வாரம் முழுக்கப் பார்த்துவிட்டு இறங்குகிறவளுக்கு ஓட்டல் தம்ளரைக் கண்டாலே ஆகாது. "அந்த டம்ளர கழுவற தண்ணிய நீ பாத்துக்கினியா?" என்பாள். பார்த்திருந்தால் நாங்களும் குடித்திருக்க மாட்டோம்.

அவள் வராவிட்டால் என்ன, ஓட்டல் அவளிடம் வந்தது. சனிக்கிழமை அம்மா வந்து கைகால் கழுவிவிட்டு உட்கார்ந்ததும் அப்பா தோளில் துண்டைப் போட்டுக்கொள்வார். அவள் முன்னால் தரையை ஒரு துடைப்பு துடைப்பார். "இன்னா சாப்புடறீங்க மேடம்?"

"இன்னா இருக்கு?"

இட்லி, தோசை, பூரி, பொங்கல், ஆப்பம், இடியாப்பம், பரோட்டா என்று மூச்சு விடாமல் அடுக்குவார். அம்மா முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "ஆப்பம் ஒண்ணு" என்பாள். "அது தீந்து போச்சுங்க." "பூரி?" "அதுவும் இப்பதாங்க தீந்துச்சி." கடைசியில் இருப்பது சப்பாத்தியும் பஸ் ஸ்டாண்டு குருமாவும்தான். ஆளில்லாத அடுப்படியைப் பார்த்து "சப்பாத்தி ரெண்டேய்!" என்று குரல் கொடுத்துவிட்டு, தானே ஓடிப்போய்த் தானே எடுத்து வருவார். மலை பஸ்ஸில் குலுங்கி வந்த களைப்பு அந்தச் சிரிப்பில்தான் அவளுக்கு இறங்கும்.

ஞாயிற்றுக்கிழமை அடுப்பு அம்மாவுக்கு. மலையில் கொடுத்தனுப்பின சாமையை வடித்து, மொச்சைக் குழம்பு வைப்பாள். எண்ணெய் கம்மி, காரம் கம்மி, ஆஸ்பத்திரிச் சாப்பாடு என்று தம்பி முணுமுணுப்பான். அந்த மொச்சைக் குழம்புக்கு இன்று நான் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடந்து போவேன். அன்று திங்கட்கிழமை எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நாக்குக்கு அப்போது புத்தி கிடையாது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா, வடக்கனந்தலில் வாழ்க்கைப்பட்டவள். தாயில்லாத தம்பியை வளர்த்தவள் என்பதால் அவள் பேச்சை அப்பா தட்டமாட்டார். பெண்டாட்டி மலையில், பிள்ளைகள் பட்டினி என்று யாரோ அவள் காதில் போட்டிருக்கிறார்கள். ஒரு புதன்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினாள். அப்பா குஷியாகக் குருமா வைத்துப் பரிமாறினார். அத்தை ஒரு வாய் வைத்தாள், நிமிர்ந்தாள்.

"எந்த ஓட்டல்ல வாங்கியாந்த?"

அப்பாவுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு வேறு கிடையாது. பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அங்கேதான் தப்பு நடந்தது. கையும் களவுமாக மாட்டிக்கொண்ட சிரிப்பு என்று அத்தை முடிவு கட்டிவிட்டாள்.

"புள்ளைங்கள ஓட்டல் சோறு போட்டு வளத்துக்கினு இருக்கற. சிரிப்பு வேறயா ஒனக்கு?"

"சத்தியமா நான் வச்சதுக்கா!"

"ஆம்பள வச்ச கொழம்பு இந்த ருசி வருமா? யாருகிட்ட சொல்ற?"

நாங்களும் சாட்சி சொன்னோம். சின்னப் பிள்ளைகள் சாட்சி எந்தக் கோர்ட்டில் எடுபடும்? அத்தை தீர்ப்புச் சொல்லிவிட்டாள். சனிக்கிழமைவரை இங்கேயே இருப்பாள். அம்மா வந்ததும் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டோடு இருக்கச் சொல்வாள். முடியாது என்றால் எங்களை வடக்கனந்தலுக்குக் கூட்டிப்போய்விடுவாள். தம்பி அழ ஆரம்பித்தான். அம்மா அந்த வேலைக்காக எவ்வளவு கஷ்டப்பட்டுப் படித்தாள் என்று அப்பாவுக்குத் தெரியும்.

மறுநாள் காலையில், "அக்கா, நீ இங்க வந்து குந்து. நான் வைக்கறத பாரு" என்றார். அத்தை அடுப்புக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மில்லு சாம்பார். கண்ணை மூடிக்கொண்டே வைக்கிற சாம்பார் அது. ஆனால் எதிரே அக்கா முறைத்துக்கொண்டிருக்க, அப்பா அடுப்பை விட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பருப்பு அடிப்பிடித்தது. புளி தூக்கலாகிவிட்டது. உப்பைப் போட்டார், போட்டோமா என்று சந்தேகம் வந்து மறுபடியும் போட்டார். பரங்கிக்காய் கரைந்து காணாமலே போனது.

வாயில் வைத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. போச்சு, அம்மா வேலை போச்சு. அப்பா தலையைத் தூக்கவில்லை.

அத்தை பிசைந்தாள், தின்றாள், மறுசோறு வாங்கினாள். அதையும் தின்றுவிட்டு, வழித்து நக்கிவிட்டுச் சொன்னாள்:

"இப்ப நம்பறண்டா. இதுதான் வூட்டு சாப்பாடு."

சனிக்கிழமை அம்மா வாசல்படி ஏறும்போதே நாத்தனாரைப் பார்த்து முகம் வெளுத்தாள். விஷயம் பஸ்ஸிலேயே தெரிந்தவர்கள் சொல்லிவிட்டார்களாம். வழியெல்லாம் அழுதபடி, வேலையை விட்டுவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் வந்தேன் என்று பின்னால் ஒருநாள் என்னிடம் சொன்னாள். அத்தை அவள் கையிலிருந்த பையை வாங்கி வைத்தாள்.

"நீ பாட்டுக்கு வேலைக்கிப் போம்மா. இவன் புள்ளைங்கள பாத்துக்குவான். உப்பு மட்டும் கம்மியா போடச் சொல்லு."

அம்மா அந்த வேலையில் இருந்தே ஓய்வு பெற்றாள். அவள் இறங்கிவந்த பிறகும் சனிக்கிழமை ஓட்டல் மூடவில்லை, அப்பா இருந்தவரை.

ஆலை வாசல் கீற்றுக்கொட்டகை போய்விட்டது. பஸ் ஸ்டாண்டு மூலையில் செல்போன் கடை. கோட்டை வழிக் கோழிக் குழம்புக்காரர் இடத்தில் டயர் விற்கிறார்கள். அந்த மூன்று ருசியும் கடைசியாக மிச்சம் இருந்தது ஒரே ஒருவர் கையில். அவரும் போன பிறகு எங்கே போய்க் கேட்பது? பொட்டுக்கடலை எவ்வளவு என்று நான் ஒரு நாளும் கேட்டுவைக்கவில்லை. நானும் வைத்துப் பார்க்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது, அது இல்லை.

பைபாஸ் ஓட்டலில் அந்தத் தம்பி, பாவம், மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் மறுபடி வந்தான்.

"வேற இன்னா வேணும்ங்கம்மா?"

அம்மா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். தோளில் துண்டு இல்லை, தலையில் பிளாஸ்டிக் தொப்பி.

"இன்னா இருக்கு?" என்றாள்.

அவன் மூச்சு விடாமல் அடுக்கினான். அம்மா முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டாள்.

"ஆப்பம் ஒண்ணு."

"அது தீந்து போச்சுங்கம்மா."

அம்மா சிரித்தாள். ஓட்டலே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தாள். அப்புறம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவன் ஊற்றி வைத்திருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தாள்.