அம்மா நடந்ததை நான் பார்க்கவில்லை

அம்மாவின் ஓராண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளே, நண்பர்களே, உங்களில் பலர் என்னிடம் ஒன்றையே கேட்டீர்கள். “பக்கவாதம் வந்த பிறகு அம்மா எப்படி அவ்வளவு நன்றாக நடந்தார்?” மூத்த மகளான எனக்கு அது தெரியாது. தம்பி மனைவி செல்விக்குத்தான் தெரியும். இதை எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

அம்மா ராசா என்ற ஊருக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவர். சிறு வயதிலேயே பால்மரம் சீவப் போனார். திருமணமாகிக் கோலசிலாங்கூர் பக்கம் வந்து, செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கினார். வேலை வாங்கும் மண்டோர் அதட்டினால் திருப்பி அதட்டுவார். அப்பா காலமான பின் தனியாகவே எங்கள் இருவரையும் படிக்க வைத்தார். பிறகு பல ஆண்டுகள் புக்கிட் பெலிம்பிங்கில் என் வீட்டில்தான் இருந்தார். அம்மா எனக்குத்தான் சொந்தம் என்று நான் நினைத்திருந்தேன்.

பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துவிட்டது. உயிர் பிழைத்ததும், மறுவாழ்வு வார்டில் ஆறு வாரம் தங்கிப் பயிற்சி எடுக்கச் சொன்னார்கள். எழுவது, நிற்பது, ஒரே கையால் சட்டை போடுவது என்று காலையும் மாலையும் விடாமல் நடக்கும். குடும்பத்தில் ஒருவர் கூடவே தங்கிப் பழக வேண்டும். பயிற்சி முடிந்ததும் அம்மா அவரோடுதான் வீட்டுக்குப் போவார். நான் லீவு போட்டுவிட்டுப் பையோடு போனேன்.

பத்தாம் நாள் தெரப்பிஸ்ட் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நான் சோறு ஊட்டுகிறேனாம், பட்டன் போட்டுவிடுகிறேனாம். நான் இருந்தால் அம்மா விரலைக்கூட அசைப்பதில்லையாம். வேறு யார் தங்குவது என்று அம்மாவிடமே கேட்டோம்.

“செல்வி வரட்டும்.”

நாக்குக் குழறிய அந்த நாளிலும் அந்தப் பெயர் மட்டும் தெளிவாக வந்தது.

செல்வி என்ன செய்தாள் தெரியுமா? சும்மா உட்கார்ந்திருந்தாள். அம்மா ஒரு பட்டனோடு கால் மணி நேரம் மல்லுக்கட்டுவார். “அவசரமில்ல லா அத்தை, மெதுவா போடுங்க,” என்பாள். கல் நெஞ்சக்காரி என்று தம்பியிடம் போனில் கத்தினேன். நான்காம் வாரம், அம்மா கம்பியைப் பிடித்து நடந்தார் என்று செய்தி வந்தது. ஓடினேன். என்னைக் கண்டதும் அம்மா படுத்துக்கொண்டார்.

“கால அமுக்கிவிடுடி,” என்றார்.

வார்டிலிருந்து அம்மா புக்கிட் பெருந்துங்கில் தம்பி வீட்டுக்குப் போய், ஏழு மாதம் இருந்தார். நான் ஞாயிறுதோறும் போவேன். என் கார் சத்தம் கேட்டாலே படுத்துவிடுவார். வாய் கோணியிருந்ததால் வீடியோ எடுக்கவும் யாரையும் விடவில்லை. ஒருநாள் கேட்டே விட்டேன்.

“ஏம்மா, அவகிட்ட மட்டுந்தான் நடப்பீங்களா?”

“நாள் பூரா நடக்கிறேன்டி. ஒங்கிட்டயாச்சும் படுத்துக்கிறேன்.”

நீங்கள் இதைப் படித்துவிட்டு என்னைக் கொடுத்துவைத்தவள் என்பீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை தானே எழுந்து முகம் கழுவி வந்து உட்கார்ந்தவர், மாரடைப்பில் போய்விட்டார். அந்தக் கடைசி நடையையும் செல்விதான் பார்த்தாள்.

வார்டுத் தாதியருக்கும், என்னை வெளியே அனுப்பிய தெரப்பிஸ்டுக்கும், காரியத்துக்குச் சமைத்த தோட்டத்து மக்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

செல்விக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். போன வாரம் இந்த மலருக்கு அம்மாவின் பழைய படம் எடுத்துவரத் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். வெட்கத்தை விட்டு, “அம்மா எப்படி நடப்பாங்க?” என்று கேட்டேன். அவள் அடுப்பை அணைத்தாள். இடது கையை மடக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, இடது காலை வெளியே வீசி வீசி அடுப்படியிலிருந்து வந்தாள். நடுவில் நின்று மூச்சு வாங்கினாள். நான் எழப் போனேன்.

“யாரும் புடிக்காதீங்க!” என்றாள், அம்மாவின் அதே அதட்டலோடு.

நான் நகரவில்லை. வாசல்வரைக்கும் அம்மா நடந்து போனார்.