காலேஜுக்குத் தைத்த நீலச் சட்டை

தையல்கார அக்காவுக்கு வயிறு பற்றி எரிந்தது. தங்கச்சி காலேஜுக்குப் போகிறாளாம். அதற்கு வீடு நிறைய ஆட்கள் வந்து புத்தி சொல்கிறார்கள்.

"மொத பெஞ்சுல உக்காரும்மா. சந்தேகம் வந்தா அன்னைக்கே கேட்டுடணும்" என்றார் மாமா.

"சகவாசம் சரியா இருக்கணும், ஆமா" என்றாள் சித்தி.

தங்கச்சி மகாராணி மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

அக்கா பள்ளிக்கூடம் முடித்தபோதும் இதே மாமாவும் சித்தியும் இருந்தார்கள். அவளைக் கொண்டுபோய்த் தையல் மெஷினில் உட்கார வைத்ததோடு சரி. 'விரல்ல ஊசி ஏறாம பாத்துக்கோ' என்றுகூட ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

"நீயும் ஏதாவது சொல்லேன்க்கா" என்றாள் தங்கச்சி.

"நான் என்னத்தக் கண்டேன்?" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு, அவளுடைய காலேஜ் சட்டைக்கான நீலத் துணியை அக்கா வெட்ட ஆரம்பித்தாள். அன்று முழுக்க மெஷின் வீடே அதிர ஓடியது.

காலேஜ் திறந்த முதல் நாள் காலையில் தங்கச்சி அந்தச் சட்டையைப் போட்டாள். தோள் இறங்கித் தொங்கியது. கை விரல்நுனி வரை மூடியது.

"அளவெடுத்துத்தானே தைச்ச?" என்றாள் அம்மா.

அக்காவின் முகம் சுண்டிப்போனது. அளவெடுத்தது என்னவோ தங்கச்சிக்குத்தான். கத்தரி பிடித்த கை, அக்காவின் சொந்த அளவுக்கே வெட்டித் தள்ளியிருக்கிறது.

"பரவால்லக்கா, கொஞ்சம் பிடிச்சுத் தைச்சுக் குடு, போதும்."

"அதுல யாரும் கை வைக்கக் கூடாது. கழட்டு" என்றாள் அக்கா. "உனக்கு வேற தைச்சுத் தரேன்."