பல் தெரிந்தால் சிரிப்பு

போட்டோ ஸ்டுடியோ வேலையில் பாதி வெளிச்சம், பாதி மூஞ்சி. எனக்கு வெளிச்சம் மட்டும்தான் புரியும். என்னைப் போலக் கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்று பேச்சு வாங்கியவர்களுக்கு இதெல்லாம் புதுசில்லை. எனக்கு இருப்பது ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னது பிற்பாடுதான். 2004-ல் மரக்காணத்தில் எங்கள் முதலாளி அதற்கு வைத்திருந்த பெயர் மரமண்டை. மூஞ்சியைப் படிக்க அவரே ஒரு விதியும் சொல்லித் தந்தார்: பல் தெரிந்தால் சிரிப்பு.

முதல் புகார்

தொழிலாளர் அட்டைக்குப் படம் எடுக்க உப்பளத்து அக்கா ஒருவர் வந்தார். கண் இடுங்கியிருந்தது, பல் தெரிந்தது. அட்டைப் படத்தில் சிரிக்கக் கூடாது. "சிரிக்காதீங்கக்கா" என்று ஆறு முறை சொன்னேன். ஏழாவது முறை எழுந்தே விட்டார்.

"யாருடா சிரிச்சா? இருபது வருஷமா உப்பு மேல வெயில் கூசிக் கூசி மூஞ்சி இப்பிடியே நின்னுபோச்சு!"

இரண்டாவது புகார்

கல்யாணம் முடிந்து பொண்ணு காரில் ஏறுகிற நேரம். மேல்வரிசை, கீழ்வரிசைப் பல் எல்லாம் தெரிந்தது. அவ்வளவு பெரிய சிரிப்பை நான் பார்த்ததே இல்லை. கன்னத்தில் வழிந்ததை வியர்வை என்று நினைத்தேன். "சூப்பர், அப்படியே சிரிங்க" என்று மூன்று படம் எடுத்தேன். பொண்ணோட அண்ணன் என் சட்டையைப் பிடித்தபடியே கடைக்கு இழுத்து வந்தார்.

முதலாளி சொன்னார்: "இன்னொரு கம்ப்ளெயின்ட் வரட்டும், நீ வீட்டோட இருந்துக்க."

மூன்றாவது

அன்றிலிருந்து யார் கடைப் படியேறினாலும் இருட்டறைக்குள் நுழைந்துகொள்ளப் பார்ப்பேன். இருட்டறையில் படம் கழுவுவதைப் போல எனக்குப் பிடித்த வேலை உலகத்தில் வேறில்லை.

சுனாமிக்கு அடுத்த மாசம் மீனவக் குப்பத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். அலையில் வீட்டுக்காரரும் போய்விட்டார், வீட்டிலிருந்த அவர் படங்களும் போய்விட்டன. "சங்க அட்டைக்கு இங்கதான் படம் எடுத்தாரு" என்றார். முதலாளி அவர் மூஞ்சியைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். "சட்டை என்ன கலர்க்கா?" என்று கேட்டேன். மூஞ்சியை மறப்பேன், சட்டையை மறக்க மாட்டேன். "நீலக் கட்டம்" என்றார்; இடது காலர் மடங்கியிருந்ததுகூட எனக்கு ஞாபகம் வந்தது. நெகடிவ் கிடைத்தது. பெரிய சைஸில் பிரின்ட் போட்டுக் கையில் கொடுத்தேன்.

படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பல் தெரிந்தது. விதி மேல் எனக்கு நம்பிக்கை போயிருந்தது. "சிரிக்கிறீங்களாக்கா, அழுவுறீங்களா? எனக்குத் தெரியல" என்று கேட்டே விட்டேன். உள்ளே முதலாளி தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. சரி, வேலை போச்சு என்று சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டேன்.

"ரெண்டுந்தாம்பா. ஒரு மாசமா எல்லாரும் என் மூஞ்சியப் பாத்துட்டு நழுவுறாங்க. நீ ஒருத்தன்தான் வாயத் தொறந்து கேட்ட."

வேலை போகவில்லை, விதியை மட்டும் முதலாளி வாபஸ் வாங்கிக்கொண்டார்.