செங்கமலத்தின் டம்ளர்

எவர்சில்வர் டம்ளருக்குள் ‘ணங்’கென்று ஒரு பட்டன் விழுந்தது. பேசிக்கொண்டிருந்த ராஜராஜன் திடுக்கிட்டு நின்று, விட்ட இடத்தைத் தேடி, “அதாவது…” என்று மறுபடி ஆரம்பித்தார். இன்னொரு ‘ணங்’.

பெரம்பலூரில் ஒரு தட்டச்சுப் பயிலகத்தின் மாடியில் ஞாயிறு காலையில் கூடுகிறது அந்தப் பேச்சுப் பயிற்சி மன்றம். பேசுகிறவர் நடுவில் ‘வந்து’, ‘அதாவது’ என்று இழுக்கும்போதெல்லாம் எண்ணிவைப்பது செங்கமலத்தின் பொறுப்பு. இதற்கு முன் எண்ணியவர்கள் தாளில் கோடு போட்டு, முடிவில் பாதியை மறந்தும் போனார்கள். செங்கமலம் தையல்கடைக்காரி. கடையிலிருந்து ஒரு டப்பா நிறையப் பட்டன்களை அள்ளி வந்துவிட்டாள்.

கூட்டம் முடிந்ததும் டம்ளரைக் கவிழ்த்துத் தீர்ப்பு சொல்வாள். மன்றத் தலைவரும் இன்சூரன்ஸ் முகவருமான ராஜராஜனுக்கு அன்று இருபத்தேழு.

“சட்டைக்கு ஏழு வச்சா மூணு சட்டைக்கு ஆச்சுங்க சார். நாலாவதுக்கு ஒண்ணுதான் கொறையுது. அடுத்த வாரம் பாத்துக்கலாம்.”

பொறுக்கமாட்டாமல் தலைவர் அவளை ஒருமுறை வரவேற்புக்கு மாற்றிப் பார்த்தார். புதிதாக வந்த ஒருவர் வாசலிலேயே, “வணக்கங்க, நான் வந்து…” என்றார். அவள் கையில் பட்டன் தயாராக இருந்தது. அடுத்த வாரமே பழைய பொறுப்பு திரும்பி வந்தது.

வீட்டிலும் இதே கதைதான். லோடு ஆட்டோ ஓட்டும் கணவர் பழனிவேல் முதல் மாதம் சண்டை போட்டார். இப்போது ரசம் வேண்டுமென்றால் தட்டை மட்டும் நகர்த்துகிறார். “வாயத் தொறந்தா பட்டன் வுழுவுதுப்பா நம்ம வூட்டுல” என்று ஆட்டோ ஸ்டாண்டில் புலம்புகிறாராம். அங்கே போய்த்தான் சேர்த்துவைத்த பேச்சையெல்லாம் பேசித் தீர்க்கிறார்.

ஊருக்கு ஒரு நியாயம், தனக்கு ஒரு நியாயம் என்பதெல்லாம் அவளிடம் கிடையாது. மன்றத்தில் அவள் பேசிய முதல் பேச்சு மூன்று நிமிடம். தன் கையாலேயே போட்டுக்கொண்டது நாற்பத்தொரு பட்டன். பேசியதைவிடப் போட்டதுதான் அதிகம் என்று சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

ஆனால் விளையாட்டுக்காக அவள் மாடி ஏறவில்லை. ரஞ்சன்குடிப் பக்கம் அவள் ஊர். நாலுவழிச் சாலை ஊரை இரண்டாக வகிர்ந்து போகிறது. ரேஷன் கடை அந்தப் பக்கம், அவள் தெரு இந்தப் பக்கம். தலையில் அரிசியோடு பெண்கள் லாரிகளுக்கு நடுவே ஓடித்தான் கடக்க வேண்டும். இந்தப் பக்கம் ஒரு பகுதிநேரக் கடை கேட்கலாமென்று குடியரசு தினத்து கிராமசபையில் எழுந்தாள். “ஐயா… வந்து… வந்து…” என்பதற்குமேல் தொண்டையிலிருந்து எதுவும் வரவில்லை.

“யோசிச்சு வச்சிருந்து அடுத்த வருசம் சொல்லும்மா” என்றார் கூட்டத்துக்கு வந்திருந்த அதிகாரி. ஊரே சிரித்தது. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. அடுத்த ஞாயிறு மன்றத்தில் பெயர் கொடுத்தாள்.

அக்டோபர் இரண்டில் மறுபடி கிராமசபை. அதே அதிகாரி. செங்கமலம் எழுந்தபோதே பழைய ஞாபகத்தில் இரண்டு பேர் சிரிக்கத் தயாரானார்கள். அவள் அவசரப்படவில்லை. தெருவில் எத்தனை அட்டை, அதில் எத்தனை பேர் வயதானவர்கள், எதிர்வீட்டு ஆண்டாயி சாலையைக் கடக்கும்போது விழுந்து கை முறிந்தது எந்தத் தேதியில் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். நடுவில் ஒரே ஒரு ‘வந்து’ நழுவியது. பைக்குள்ளிருந்து டம்ளரை எடுத்து அதிகாரியின் மேசைமேல் வைத்தாள். ஒரு பட்டனைப் போட்டாள். தொடர்ந்து பேசினாள். யாரும் சிரிக்கவில்லை.

“நூத்திப்பத்து அட்டைங்க. வாரத்துல ஒரு நாளு கடை தொறந்தா போதும். இன்னைக்கே தீர்மானத்துல எழுதிருங்க.”

அதிகாரி தொண்டையைச் செருமினார். “அதாவதும்மா… இது வந்து… பரிசீலனை பண்ணிட்டு, வந்து…”

ணங். ணங். ணங்.

அவர் டம்ளரைப் பார்த்தார். செங்கமலம் உட்காரவில்லை. அடுத்த பட்டனை விரலிடுக்கில் பிடித்தபடியே, மேசையில் கிடந்த தீர்மானப் புத்தகத்தை அவர் பக்கமாக மெல்ல நகர்த்தி வைத்தாள்.