சிவப்பு மையில் அடித்த விடை

கணக்கு டீச்சர் வகுப்புக்குள் நுழைந்தால் மின்விசிறிகூடச் சத்தமில்லாமல் சுற்றும் என்று பிள்ளைகள் சொல்லிச் சிரிப்பார்கள். அவரிடம் படித்து யாரும் தோற்றதில்லை. யாரும் கேள்வி கேட்டதும் இல்லை. பலகையில் அவர் போட்ட வழி எதுவோ அதுதான் வழி. ஒரு படி விட்டாலும் மதிப்பெண் போச்சு.

அந்த ஆண்டு பத்தாம் வகுப்பில் அவருடைய அக்கா மகளும் இருந்தாள். மாடியில் அக்கா குடும்பம், கீழே டீச்சர். அவளுக்கு வீட்டில் சித்தி, பள்ளியில் டீச்சர். சொந்தக்காரப் பெண்ணுக்குச் சலுகை என்று எவரும் வாய் திறந்துவிடக் கூடாதே என்று, அவளிடம் மட்டும் ஒரு பிடி கூடுதலாகவே கறார் காட்டினார்.

இடைத்தேர்வில் ஒரு கணக்கு. இரண்டு எண்களைக் கூட்டினால் இருபது, பெருக்கினால் தொண்ணூற்றாறு, அவை எவை? மற்றவர்கள் எக்ஸ் போட்டுச் சமன்பாடு எழுதி அரைப் பக்கம் நிரப்பியிருந்தார்கள். அக்கா மகள் எழுதியது இவ்வளவுதான்: 'பத்தும் பத்தும் என்றால் நூறு. நான்கு குறைகிறது. ஆகவே இரண்டு தள்ளி, பன்னிரண்டும் எட்டும்.' டீச்சர் குறுக்கே சிவப்புக் கோடு அடித்துப் பூஜ்யம் போட்டார்.

விடைத்தாள் கைக்கு வந்ததும் அவள் எழுந்தாள்.

"டீச்சர், விடை சரிதானே? ஏன் அடிச்சிருக்கீங்க?"

"விடை சரி. வழி எங்க? குருட்டாம்போக்குல எழுதினா எப்பவாவது சரியா வரத்தான் செய்யும். அதுக்குப் பேரு கணக்கு இல்ல, லக்கு."

"இல்ல டீச்சர், நான் யோசிச்சுத்தான்..."

"உட்காரு."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அன்று முதல் அவள் 'லக்கி' ஆனாள். தோழிகள் அப்படிக் கூப்பிடுவதைக் கேட்ட அக்கா, ஏதோ செல்லப் பெயர் என்று நினைத்து, "லக்கி, சாப்பிட வாடி" என்று தானும் மாடியிலிருந்து குரல் கொடுக்க ஆரம்பித்தாள். டீச்சர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கொஞ்ச நாளில் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. பிள்ளைகளைச் சிந்திக்க வைப்பது எப்படி என்று சொல்லித்தர வந்த பெண்மணி பலகையில் எழுதினார்: கூட்டினால் முப்பத்துநான்கு, பெருக்கினால் இருநூற்று ஐம்பத்துமூன்று.

"எக்ஸ், ஒய் எதுவும் போடாம கண்டுபிடிங்க பாப்போம்."

அறையில் ஒரு பேனாவும் ஓடவில்லை. டீச்சருக்கும் கை நின்றுவிட்டது. அப்போதுதான் தான் கோடு அடித்த வரிகள் நினைவுக்கு வந்தன. பதினேழும் பதினேழும் என்றால் இருநூற்று எண்பத்தொன்பது. முப்பத்தாறு குறைகிறது. முப்பத்தாறு என்பது ஆறின் வர்க்கம். அப்படியானால் ஆறு தள்ளி, இருபத்துமூன்றும் பதினொன்றும். பெருக்கிப் பார்த்தார். சரியாக வந்தது. நடுவிலிருந்து எவ்வளவு விலகுகிறோமோ, அதன் வர்க்கம் அளவுக்குப் பெருக்குத்தொகை குறையும். எப்போதும் குறையும். லக்காவது கிக்காவது! அந்தப் பெண் முழுக் காரணத்தோடுதான் எழுதியிருந்தாள்.

கை தானாக உயர்ந்தது. எழுந்து விளக்கினார்.

"பிரமாதம்! உங்க சொந்த யோசனையா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் கைதட்டல் எழுந்துவிட்டது. தலை, ஆமாம் என்று ஆடிவிட்டது.

விஷயம் அத்தோடு போகவில்லை. மறுநாள் காலைக் கூட்டத்தில் தலைமையாசிரியர் அந்த வழியை மைக்கில் விளக்கி, "நம்ம டீச்சரோட முறை" என்றார். வரிசையில் நின்ற அக்கா மகள் தலை நிமிரவே இல்லை. மாலையில் மாடிப்படியில் எதிர்ப்பட்டபோது, "நல்லா சொல்லியிருக்கீங்க சித்தி" என்றாள். குத்தலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அன்று அக்கா "லக்கி" என்று கூப்பிட்ட குரல் கேட்டதும் சாப்பிட்டுக்கொண்டிருந்த டீச்சர் தட்டை அப்படியே வைத்துவிட்டு மாடிக்குப் போய் நடந்ததை எல்லாம் சொன்னார்.

அக்கா கேட்டாள்: "அப்போ இத்தனை நாளா என் பொண்ணை நானே கேலி பண்ணிக்கிட்டா இருந்தேன்?"

மறுநாள் தலைமையாசிரியரிடம் உண்மையைச் சொல்லிவிட்டு, டீச்சர் வகுப்புக்குப் போனார். "அது என் வழி இல்ல. இவளோடது. புரியாம அடிச்சதும் நான்தான், என்னோடதுன்னு தலையாட்டினதும் நான்தான்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. விடைத்தாளைத் திருத்தித் தருவதாகக் கை நீட்டியபோது, "வேணாம் டீச்சர், அதைக் கிழிச்சுப் போட்டுட்டேன்" என்றாள் அவள்.

அடுத்த ஆண்டு கணக்கு இல்லாத பிரிவை எடுத்தாள். "உங்க மேல கோபம் எல்லாம் இல்ல சித்தி. எனக்கு ஓவியம்தான் பிடிச்சிருக்கு." உண்மையாகவும் இருக்கலாம்.

இப்போதெல்லாம் யாராவது புதுமாதிரி எழுதியிருந்தால், டீச்சர் பேனாவை மூடிவிட்டு அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். "எப்படித் தோணுச்சு? முதல்ல இருந்து சொல்லு." பாதி நேரம் அந்த வழி எங்கேயோ போய் முட்டிக்கொண்டு நிற்கும். எங்கே முட்டியது என்று அவர்களே கண்டுபிடிக்கும்வரை பொறுத்திருக்கிறார். பாடம் பின்தங்குகிறது என்று தலைமையாசிரியருக்கு முணுமுணுப்பு. சக ஆசிரியர்களோ, "உங்க பொறுமை யாருக்கு வரும்!" என்கிறார்கள். அதைக் கேட்டால் மட்டும் டீச்சர் முகம் சுருங்கிவிடும். தாள்களை அள்ளிக்கொண்டு விறுவிறுவென்று அடுத்த வகுப்புக்கு நடந்துவிடுவார்.